கொடுத்தவர் கல்வெட்டும் தங்கியவர் குறிப்பும்: கடற்கரை வழித் தங்குமிடங்களின் வரலாறு

பனவேலில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கொங்கணம், கோவா, கனரா, மலபார், திருவிதாங்கூர் ஆகிய கரையோர நிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்கிறது. மழைக்காலம் ஓய்ந்ததும் முதுகுப்பையோடும் மோட்டார் சைக்கிளோடும் இளைஞர் பலர் இவ்வழியே தெற்கு நோக்கிப் புறப்படுகின்றனர். ஒரு படுக்கைக்கு மட்டும் வாடகை தந்து தங்கும் ஹாஸ்டல்கள், மீனவர் வீட்டு மாடி அறைகள், கோயில் சார்ந்த தர்மசாலைகள், அரசின் பயணியர் மாளிகைகள் என அவர்கள் இரவைக் கழிக்கும் இடங்கள் பலவகை. இவையெல்லாம் அண்மைக்காலச் சுற்றுலாவின் விளைவுகள் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் மேற்குக் கரையில் வழிப்போக்கருக்கு இடம் அமைத்த செய்தி ஏறத்தாழ 1900 ஆண்டுப் பழமை உடையது.

இவ்வரலாற்றுக்குரிய சான்றுகள் இருவகைப்படும். இடத்தைக் கொடுத்தவர் பொறித்து வைத்தவை ஒருவகை. அவ்விடத்தில் தங்கியவரும், தங்க முயன்று வெளியேற்றப்பட்டவரும் எழுதி வைத்தவை மற்றொரு வகை. முதல் வகை கொடையின் அளவைச் சொல்லும். கதவு யாருக்குத் திறந்தது, யாருக்கு எந்த அளவு திறந்தது என்பதை அறிய இரண்டாம் வகையையே நாட வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், தங்குமிடத்தின் வரலாறு விருந்தோம்பலின் வரலாறாக இருக்கும் அதே வேளையில் விலக்கலின் வரலாறாகவும் இருப்பது விளங்கும்.

1. ஆறுகளின் இரு கரையிலும்

நாசிக்கை அடுத்த பாண்டவ்லேணிக் குன்றின் 10-ஆம் குகையைக் குடைவித்தவன் உஷவதாதன். இவன் தினீகனின் மகன். மேற்கு இந்தியாவை ஆண்ட சக மன்னன் நகபானனின் மருமகன். காலம் கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டு. அக்குகையில் உள்ள இவனது நீண்ட கல்வெட்டு பிராகிருதமும் சமஸ்கிருதமும் கலந்த நடையில் அமைந்தது. அரசு சார்ந்த கல்வெட்டுகளுக்குள் சமஸ்கிருதம் நுழைந்த தொடக்க நிலையைக் காட்டுவதால் மொழியியலார் இதனை அடிக்கடி எடுத்தாள்வர். அதன் உள்ளடக்கம் வழிகளின் வரலாற்றுக்கும் அதே அளவு முதன்மையானது.

பருகச்சம், தசபுரம், கோவர்தனம், சோர்பாரகம் ஆகிய நான்கு ஊர்களில் உஷவதாதன் தங்கும் இல்லங்களும் கிணறு, குளம், தோட்டங்களும் அமைத்தான் என்கிறது கல்வெட்டு. பருகச்சம் இன்றைய பரூச். சோர்பாரகம் மும்பைக்கு வடக்கேயுள்ள சோபாரா. இரண்டும் அக்காலத்தில் பெயர்பெற்ற துறைமுகங்கள். அவ்வில்லங்களைக் கல்வெட்டு ‘சதுஸ்சாலாவஸத பிரதிஸ்ரய’ என்னும் தொடரால் குறிக்கிறது. நான்கு பக்கமும் கட்டு சூழ நடுவே முற்றம் கொண்ட வீடு என்பது அதன் முற்பகுதியின் பொருள். கேரளத்தின் நாலுகெட்டு வீட்டை அறிந்தவருக்கு அவ்வமைப்பு எளிதில் விளங்கும். ‘பிரதிஸ்ரய’ என்பது சார்ந்து ஒதுங்கும் இடம், புகலிடம் எனப் பொருள்படும்.

இதனை அடுத்து வருவது இன்னும் குறிப்பிடத்தக்க செய்தி. இபா, பாரதா, தமனா, தாபி, கரபேணா, தாஹனுகா ஆகிய ஆறுகளில் கட்டணமின்றி ஓடம் விடப்பட்டது. அவற்றின் இரு கரைகளிலும் பயணியர் கூடி இளைப்பாறும் இடங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் நிறுவப்பட்டன. தாபி சூரத்தருகே கடலில் கலப்பது. தமனா, தாஹனுகா ஆகிய பெயர்கள் டாமன், டஹாணு என்னும் ஊர்ப்பெயர்களில் இன்றும் நிலைத்துள்ளன. ஆறுகளின் வரிசையைப் பார்த்தால், சோபாராவிலிருந்து பரூச் நோக்கிச் செல்லும் கரையோர வழியின் வரைபடமே கண்முன் தோன்றும்.

கடற்கரை வழியின் இயல்பும் இங்கே புலப்படுகிறது. உள்நாட்டுப் பெருவழியில் ஒருநாள் நடைத் தொலைவே தங்குமிடத்தை முடிவுசெய்யும். கரையோரத்திலோ முடிவுசெய்வது கழிமுகம். ஓதம் ஏறும்போதும் வெள்ளம் வரும்போதும் ஓடம் நிற்கும். பயணி காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பு எந்தக் கரையில் நேரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே இரு கரையிலும் நிழலும் நீரும் தேவைப்பட்டன. உஷவதாதனின் கல்வெட்டில் வரும் ‘இரு கரைகளிலும்’ என்னும் குறிப்பு, அவ்வழியை அறிந்த ஒருவரின் திட்டம் அதன் பின்னே இருந்ததை உணர்த்துகிறது.

பிராமணர்க்குக் கொடுத்தவற்றையும், சரகர் என்னும் துறவியர் கூட்டங்களுக்குக் கொடுத்த 32,000 தென்னைகளையும், நாற்றிசைப் பௌத்த சங்கத்துக்கு அளித்த குகையையும் பெறுவோர் பெயருடன் குறிப்பிடும் அக்கல்வெட்டு, நான்கு ஊர் இல்லங்களில் யார் தங்கினர் என்பதைச் சொல்லவில்லை. எல்லாரும் தங்கினர் என்று கொள்ளவும் அதில் சான்றில்லை. சிலர் விலக்கப்பட்டனர் என்று கொள்ளவும் சான்றில்லை. கொடுத்தவரின் சான்று இவ்விடத்தில் நின்றுவிடுகிறது.

2. பாத்திரமும் கைகளும்

ஏறத்தாழ 12 நூற்றாண்டுகளுக்குப் பின், அதே கரையின் தென்பகுதியைப் பற்றித் தங்கியவர் ஒருவரின் குறிப்பு கிடைக்கிறது. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1340-களின் தொடக்கத்தில் மலபார் வந்தார். சந்தாபூர் எனப்பட்ட கோவா முதல் கொல்லம் வரை இரண்டு மாத நடைத் தொலைவுள்ள அக்கரைவழியை அவர் விரிவாக விவரிக்கிறார். வழிநெடுக மரநிழல் உண்டு. அரை மைலுக்கு ஒன்றாக மரத்தால் ஆன சிறு மண்டபமும், அதில் அமரத் திண்ணைகளும், அருகே கிணறும், கிணற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் உண்டு. எந்தச் சமயத்தவரும் அம்மண்டபத்தில் அமரலாம். கீழே விழுந்த ஒரு தேங்காயைத் திருடினாலும் கடுந்தண்டனை உண்டு. ஆகவே இதைவிடப் பாதுகாப்பான வழியைத் தாம் கண்டதில்லை என்கிறார்.

வழியின் புகழ்ச்சிக்கு நடுவே அவர் மற்றொன்றையும் பதிவு செய்கிறார். இந்துப் பயணிக்குக் கிணற்றுக்காரர் பாத்திரத்தில் தண்ணீர் தருவார். முஸ்லிம் பயணியின் கைகளில் ஊற்றுவார். போதும் எனச் சைகை காட்டும் வரை ஊற்றிக்கொண்டே இருப்பார். வீட்டினுள் முஸ்லிம்களை அனுமதிப்பதில்லை. தம் பாத்திரத்தில் அவர்கள் உண்டால் அதனை உடைத்துவிடுவர் அல்லது அவர்களிடமே கொடுத்துவிடுவர். முஸ்லிம்கள் வாழாத ஊர்களில் அவர்களுக்குச் சமைத்து வாழையிலையில் பரிமாறுவர். வழியில் உள்ள ஒவ்வொரு தங்கலிலும் முஸ்லிம் வீடுகள் இருந்தன. அவையின்றி முஸ்லிம் ஒருவர் அவ்வழியே பயணம் செய்திருக்க இயலாது என்பது அவரது முடிவு. கண்ணூருக்கு வடக்கே ஏழிமலையில் இருந்த மசூதி, மாணவருக்கு உதவித்தொகை தந்ததோடு, பயணிகளுக்கும் ஏழை முஸ்லிம்களுக்கும் உணவிடும் அடுக்களை ஒன்றையும் நடத்தியது.

நிழலும் திண்ணையும் தண்ணீரும் அனைவர்க்கும் பொது. பாத்திரமும் கூரையின் உட்புறமும் பொதுவல்ல. இத்தகவல் எந்தக் கொடையாளியின் கல்வெட்டிலும் இடம்பெற வாய்ப்பில்லை. கிணறு வெட்டியவருக்கு அது சொல்லத்தக்க செய்தியாகவே தோன்றியிராது. கையேந்தித் தண்ணீர் குடித்தவருக்கே அது செய்தியாயிற்று.

3. சொற்கள் காட்டும் வழி

தங்குமிடத்தைக் குறிக்கும் சொற்களின் பொருள்மாற்றமும் இவ்வரலாற்றுக்கு ஒரு சான்று. ‘சத்திரம்’ என்பதன் மூலமான ‘ஸத்ர’ வேத வழக்கில் நெடுநாள் நிகழும் வேள்வியைக் குறித்தது. பின்னர் உணவளிக்கும் அறநிலையத்தைக் குறிக்கலாயிற்று. ‘அம்பலம்’ தமிழில் பொது மன்றம். மலையாளத்தில் கோயிலும் ஆகும். ஆனால் திருவிதாங்கூர் வழிகளில் கற்றூண்கள் மேல் கூரையிட்டு நின்ற ‘வழியம்பலம்’ பயணியர் தங்கும் இடமே. கடல் கடந்த சிங்களத்திலும் ‘அம்பலம’ என்பது வழிப்போக்கர் மண்டபத்தையே குறிக்கிறது.

‘சாலை’ பழந்தமிழில் கூடத்தைக் குறித்தது. அறச்சாலை, பாடசாலை முதலியவற்றில் அப்பொருள் இன்றும் உண்டு. தனித்து நிற்கும்போது அது வழியையே குறிக்கிறது. ‘சாவடி’யின் போக்கு இன்னும் நோக்கத்தக்கது. பயணியர் தங்கும் பொதுவிடத்தையும் ஊர் வழக்கு விசாரிக்கும் இடத்தையும் குறித்த அச்சொல், இன்று காவல் சாவடி, வாக்குச் சாவடி, சுங்கச்சாவடி ஆகிய தொடர்களில் வாழ்கிறது. ஒரு காலத்தில் பயணி படுத்துறங்கிய இடத்தின் பெயர், அவர் வண்டியை நிறுத்திக் கட்டணம் செலுத்தும் இடத்தின் பெயராகிவிட்டது. ‘விருந்து’ என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் புதுமை. விருந்தினர் என்போர் உறவினர் அல்லர், முன்பின் அறியாது புதிதாக வந்தவர். தங்குமிடத்தின் சோதனை எப்போதும் இப்புதியவரிடமே நிகழ்கிறது.

4. நள்ளிரவு மணி

கொடுத்தவர் தரப்புச் சான்றுகளில் மிக விரிவானவற்றுள் ஒன்று கிழக்குக் கரையைச் சேர்ந்தது. வடநாட்டிலிருந்து இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் தஞ்சை வழியே வந்து சோழமண்டலக் கரையை ஒட்டித் தெற்கே நடந்தனர். அவர்களுக்காகத் தஞ்சை மராத்திய அரசர்கள் ஒரத்தநாடு, ராசாமடம், மணமேல்குடி, மீமிசல் எனத் தொடர்ச்சியாகச் சத்திரங்கள் கட்டினர். பெரும்பாலானவை அரச குலப் பெண்டிர் பெயரில் அமைந்தவை. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி 1802-இல் நிறுவினார்.

அதற்கு முந்தைய ஆண்டில், சத்திரங்களுக்குரிய ஊர்களின் வருவாயைக் கம்பெனி ஆட்சி எடுத்துக்கொள்ளுமோ என்ற அச்சத்தில், அவர் தஞ்சை ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை அனைவருக்கும், ஜோகிகள், ஜங்கமர், பக்கீர்கள் உள்ளிட்ட எல்லாவகை யாத்திரிகர்க்கும் சோறு வழங்கப்படுகிறது என்று அக்கடிதம் கூறுகிறது. சமைத்த சோற்றை ஏற்காதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் தரப்பட்டன. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டா என அறிவித்துத் தேடினர். நோயுற்ற பயணிகளுக்கு மருத்துவம் செய்யப்பட்டது; கருவுற்ற பெண்களின் பேறுகாலம் கவனிக்கப்பட்டது.

இக்கடிதம் சத்திர அறத்தின் உயர்ந்த வடிவத்தைக் காட்டுவது. அதே கடிதத்தை மற்றொரு கண்ணோடும் படிக்கலாம். சமைத்த சோற்றை மறுப்போர்க்கெனத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது என்பதே, ஒரே கூரையின் கீழும் உணவு சாதிவழிப் பிரிந்திருந்ததைச் சொல்லிவிடுகிறது. அனைவரும் உண்டனர்; அனைவரும் ஒரே பந்தியில் உண்டனர் என்று கடிதம் கூறவில்லை. வருவாய் பறிபோகாமல் காக்க எழுதப்பட்ட கடிதம் என்பதால் அதன் சொல் ஒவ்வொன்றையும் அந்நோக்கத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

5. பங்களாவின் பதிவேடு

19-ஆம் நூற்றாண்டில் தபால் வழிகளை ஒட்டி டாக் பங்களாக்கள் எழுந்தன. தமிழில் இவற்றுக்கு முசாபரி பங்களா என்று பெயர். ‘முசாஃபிர்’ அரபு மொழியில் பயணி. ‘பங்களா’ வங்காளப் பாணி வீட்டின் பெயரால் வந்தது. அங்கே ஒரு கான்சாமா சமைப்பார். பயணி வந்து சேர்ந்த பின்னரே கோழி பிடிக்கப்பட்டு அறுக்கப்பட்டதால், ஆங்கிலேயர் அவ்வுணவைத் ‘திடீர் மரணம்’ என்று கேலியாக அழைத்தனர். நடைமுறையில் இவை ஐரோப்பியர்க்கும் அரசு அலுவலர்க்கும் உரியனவாகவே இருந்தன.

பங்களா கொண்டுவந்த பெரிய மாற்றம் பதிவேடு. பெயர், பதவி, வந்த நாள், புறப்பட்ட நாள், செலுத்திய தொகை ஆகியவற்றைத் தங்குபவரே எழுத வேண்டும். சத்திரத்தில் கொடுத்தவர் பெயர் கல்லில் இருந்தது. தங்கியவர் பெயர் எங்கும் இல்லை. பங்களாவில் தங்கியவர் பெயர் எழுத்தில் ஏறியது. பெயரோடு சாதியும் மதமும் வெளிப்படும் நாட்டில் இது சிறிய மாற்றமன்று.

6. மகாடு, 1927

பெயரெழுதும் கட்டாயம் ஒருவருக்கு எதைச் செய்யும் என்பதை அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. வெளிநாட்டுப் படிப்பு முடிந்து பரோடா அரசுப் பணியில் சேர வந்த அவருக்கு அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. உஷவதாதன் இல்லம் அமைத்த பரூச்சிலிருந்து பரோடா வெகு தொலைவில் இல்லை. பார்சி விடுதி ஒன்றின் பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதித் தங்கினார். சில நாள்களில் செய்தி பரவியது. கையில் தடிகளுடன் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சூழ்ந்து, அன்றைக்கே வெளியேறுமாறு மிரட்டினர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பியவர் தங்க இடமின்றி ஊரைவிட்டுப் புறப்பட்டார்.

1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் சீ.கே. போலே முன்மொழிந்த தீர்மானத்தை ஏற்றது. பொதுநிதியில் கட்டப்பட்ட அல்லது பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், தர்மசாலைகள், பள்ளிகள் முதலியவற்றைத் தீண்டத்தகாதவர் எனப்பட்டோரும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்பது அத்தீர்மானம். மகாடு நகராட்சி தன் சவதார் குளத்தை 1924-இல் தாளளவில் திறந்துவிட்டது. செயலளவில் எதுவும் மாறவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் அக்குளத்தில் இறங்கி நீர் அருந்தினர். சவதார் குளத்தை நீருரிமைப் போராட்டமாகவே வரலாறு நினைவில் வைத்துள்ளது. அதற்கு அடிப்படையான தீர்மானத்தில் தர்மசாலையும் நீர்நிலையோடு சேர்த்தே சொல்லப்பட்டிருந்தது என்பது பலரும் கவனிக்காத செய்தி.

மகாடு கொங்கணத்தில் சாவித்திரி ஆற்றங்கரையில் உள்ள ஊர். இன்றைய 66-ஆம் எண் நெடுஞ்சாலை அதன் வழியாகவே செல்கிறது. அன்று மாநாட்டுக்கு வந்தவர்கள் மீது தாக்குதல் தொடங்கியபோது அம்பேத்கர் டாக் பங்களாவில் தங்கியிருந்தார். தாக்கப்பட்டவர் பலர் முஸ்லிம் வீடுகளில் புகலிடம் பெற்றனர். பாத்திரத்தைத் தொட விடாத வழியில் எந்த வீடுகளை இப்னு பதூதா தம்மவரின் துணையாகக் குறித்தாரோ, அத்தகைய வீடுகளே ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு விலக்கப்பட்ட மக்களுக்குக் கதவு திறந்தன.

7. சட்டத்தில் மூன்று சொற்கள்

அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள் முதலியவற்றில் எவரையும் தடுத்தல் கூடாது என்கிறது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் (இன்று குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்) இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. அதன் 4-ஆம் பிரிவு ‘தர்மசாலை, சராய், முசாஃபிர்கானா’ என மூன்று சொற்களை அடுக்குகிறது. ஒன்று சமஸ்கிருத வழி வந்தது, ஒன்று பாரசீகம், மற்றொன்று அரபும் பாரசீகமும் இணைந்தது. இந்நாட்டில் யார் யார் தங்குமிடம் கட்டினர் என்பதன் சுருக்கம் அம்மூன்று சொற்களில் உள்ளது.

அவ்விடங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்பதோடு சட்டம் நிற்கவில்லை. அங்குப் பொதுமக்களுக்கென வைக்கப்பட்ட பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றம் என்று தனியாகவே கூறுகிறது. இப்னு பதூதாவின் கைகளில் தண்ணீர் ஊற்றிய வழக்கத்தின் நெடுமையை அறியாதவருக்குப் பாத்திரம் எதற்காகச் சட்டத்தில் தனியிடம் பெற்றது என்பது விளங்காது.

விடுதலைக்குப் பிந்தைய கடற்கரையின் கதை பலரும் அறிந்ததே. 1960-களின் இறுதியில் கோவாவின் கலங்குட், அஞ்சுணா ஊர்களுக்கு வந்த வெளிநாட்டு இளைஞர் உள்ளூரார் வீடுகளில் அறை எடுத்தனர். 1998-இல் கொங்கண் ரயில்வே முழுமை பெற்ற பின் உள்நாட்டுப் பயணியரும் பெருகினர். கொங்கணக் கரையூர்களில் வீட்டுமுறைத் தங்கலும் உணவும் உண்டு என மராத்தியில் எழுதிய ‘கர்குதி’ பலகைகள் வாசல்தோறும் தொங்குகின்றன. மன்னரின் கொடையாக இருந்த இடம் குடும்பத்தின் வருவாயாகியுள்ளது. பணம் கொடுத்தால் போதும், குலம் கேளார் என்பது இம்மாற்றத்தின் நம்பிக்கை. அந்நம்பிக்கை ஓரளவு உண்மையாகியும் இருக்கிறது.

ஓரளவு என்பதற்குக் காரணம் உண்டு. உள்ளூர் முகவரி உடையோர்க்கு அறை தர மறுக்கும் விடுதிகள் உள்ளன. துணையின்றி வரும் ஆண்களையோ பெண்களையோ ஏற்காதவை உள்ளன. மணமாகாத இணையரைத் திருப்பி அனுப்புபவையும் உள்ளன. கோயம்புத்தூரில் மூடி முத்திரையிடப்பட்ட ஒரு தங்குமிடம் தொடர்பான வழக்கில், மணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. பங்களாவின் பதிவேடு அடையாள அட்டையின் படியாக மாறியிருக்கிறது. மேசைக்கு அப்பால் இருப்பவர் முதலில் படிப்பது இன்றும் பெயரைத்தான்.

எதிர்கால ஆய்வாளருக்கு இக்காலத்துச் சான்றுகள் மிகுதியாகவே கிடைக்கும். விடுதிகள் தம்மைப் பற்றி வெளியிடும் விளம்பரங்கள் கொடுத்தவர் கல்வெட்டின் தொடர்ச்சி. பயணியர் எழுதும் மதிப்புரைகள் தங்கியவர் குறிப்பின் தொடர்ச்சி. இவ்விரண்டிலும் ஒருசாரார் இடம்பெறமாட்டார். அறை காலியில்லை என்று சொல்லப்பட்டு வாசலிலிருந்தே திரும்பியவர் பதிவேட்டில் பெயர் எழுதுவதில்லை. தங்காத இடத்துக்கு மதிப்புரை எழுதுவதும் அரிது. அம்பேத்கர் எழுதினார், இப்னு பதூதா எழுதினார். எழுதாது சென்றவர்களின் தடத்தை நாட்குறிப்பிலும் புகார் மனுவிலும் நீதிமன்ற ஆவணத்திலும் வாய்மொழி நினைவிலும் தேடித் தொகுக்காத வரை, இக்கரையின் தங்குமிட வரலாறு கொடுத்தவர்களின் வரலாறாகவே இருக்கும்.